மஞ்சாடிக்குழிக்குப் போன லைன்

உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தபோது குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு நாற்பத்திரண்டு. சீடர் குருவை அம்மா என்றார். குரு சீடரை அண்ணாச்சி என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் மின்துறையில் பொறியாளராக இருந்தவர் குற்றாலிங்கம். எங்கே கம்பி அறுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போது கூப்பிடுவார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கூப்பிட்டார்கள். மனைவி போன பிறகு கைப்பேசியை அணைத்து மகளிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

"எனக்குச் சத்தம் ஆகல, அம்மா. அமைதி வேணும்."

"இங்க நெறையக் கெடக்கு. எடுத்துக்கிடுங்க."

மலையில் ஐந்து மண் குடிசைகள். குருவோடு சேர்த்து ஐந்து பேர். அரை மணி நேரம் இறங்கினால் மஞ்சாடிக்குழி. நாற்பத்து மூன்று வீடுகள், எல்லாம் காணிக்காரப் பழங்குடிகள். சுற்றிலும் காடு.

ஒரு வருஷம் குற்றாலிங்கம் நன்றாகத் தியானம் செய்தார்.

அந்த வருஷக் கடைசியில் மல்லன் காணி உலகம்மையின் குடிசைக்கு வந்தார். அவர் மஞ்சாடிக்குழியின் மூட்டுக்காணி, அதாவது ஊர்த்தலைவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பதில் கடிதங்கள்.

"கரண்டு கேட்டு ஒம்போது வருஷமா எழுதறோம், சாமி. மரம் வெட்டக் கூடாது, கம்பம் ஏத்த ரோடு இல்ல, முடியாதுன்னு எழுதறாங்க. சூரிய விளக்கு குடுத்தாங்க. நாலு மாசம் மூடுபனி. விளக்கு தூங்கிப்போச்சு. இந்தச் சாமி கரண்டு ஆபீசுல இருந்தவருன்னு கேள்விப்பட்டோம்."

உலகம்மை சீடரைப் பார்த்தார்.

"அம்மா, அதையெல்லாம் விட்டுட்டுத்தான இங்க வந்தேன்? மறுபடியும் அதுலயே தள்ளாதீங்க."

உலகம்மை வற்புறுத்தவில்லை. மல்லன் காணிக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பினார். பிறகு சீடரிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, நாளைல இருந்து தியானத்துக்கு டவர் பாறைக்குப் போங்க. உயரமான எடம். நல்ல காத்து."

குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷம். மறுநாள் விடிந்ததும் போய் உட்கார்ந்தார். அந்தப் பாறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவர் யோசிக்கவில்லை.

எட்டு மணிக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"சார், மஞ்சாடிக்குழியில இருந்து கஸ்தூரி பேசறேன். கஸ்தூரி. கேக்குதா? ஹலோ. ஹலோ?"

அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டாள். ஆறு தடவை கூப்பிட்டாள். அவள் போன பிறகு ஒரு கிழவர் வந்து கேரளத்தில் இருக்கும் மகனைக் கூப்பிட்டுக் கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.

சாயங்காலம் உலகம்மை கேட்டார். "தியானம் எப்படி?"

"முடியல, அம்மா. ஊரே அங்க வந்து கத்துது."

"நாளைக்கும் அங்கயே போங்க."

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கஸ்தூரி நான்காவது தடவை ஹலோ சொன்னபோது குற்றாலிங்கம் கண்ணைத் திறந்தார்.

"தாயி, ரெண்டு அடி இடப்பக்கம் வா. அந்த மலை இடுக்குப் பக்கமாத் திரும்பு. கையை இறக்கு."

அவள் திரும்பினாள். தொடர்பு கிடைத்தது. அவள் கிராமச் சுகாதாரப் பணியாளர். இருமல் நிற்காத ஒரு பிள்ளைக்கு என்ன மருந்து என்று கேட்டு, சொன்னதைக் கையிலேயே எழுதிக்கொண்டாள்.

"தினமும் இப்படி ஏறி வரியா?"

"மழைன்னா வர முடியாது, சாமி. வழுக்கும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "போன ஆனியில மழையோடதான் ஏறினேன். எங்க அண்ணிக்குப் பிரசவம். பிள்ள பொறந்திருச்சு, ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸ் டிரைவர அஞ்சு தடவ கூப்பிட்டும் கெடைக்கல, ஆறாவதுதான் கெடச்சுது. அணை வரைக்கும் தூக்கிட்டு வாங்கன்னாங்க. நான் கீழ எறங்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

குற்றாலிங்கம் பார்வையைக் கீழே திருப்பினார். பாறையிலிருந்து பார்த்தால் வெகு கீழே அணையும், அதன் அருகில் வெள்ளைக் கட்டிடமும் தெரிந்தன.

"அந்த மின்நிலையத்துல பதினோரு வருஷம் இருந்தேன்" என்றார்.

"அப்படியா?" கஸ்தூரி முகம் மலர்ந்தாள். "எங்க ஆத்துத் தண்ணிதான் சாமி அங்க போகுது."

அவள் குற்றம் சொல்லவில்லை. தெரிந்த ஒருவரைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னாள். குற்றாலிங்கத்தால் அதற்கு மேல் அந்தப் பாறையில் உட்கார முடியவில்லை.

அன்று மாலை அவராகவே குருவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு அம்பது மீட்டர் டேப் வேணும்."

உலகம்மை உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். புது டேப். வாங்கி வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

குற்றாலிங்கம் ஒரு மாதம் நடந்தார். பாதி இடிந்து கிடந்த ஜீப் பாதையாகப் போனால் அணையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பழைய ஏலக்காய்த் தோட்டத்துத் தடம் ஒன்று புதர் மூடிக் கிடந்தது. மல்லன் காணி அதைக் காட்டினார். அந்த வழியில் ஆறு கிலோமீட்டர்தான். கம்பமே வேண்டாம். தடத்தின் நடுவில் பள்ளம் தோண்டிக் கேபிளைப் புதைத்துவிடலாம். யானைக்கும் ஆபத்தில்லை. ஒரு மரத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஓடை. அங்கே தொங்கு பாலம் இருந்தது. பாலத்துக்கு அடியில் கேபிளைக் கட்டிக் கொண்டுபோகலாம்.

இன்னொன்றையும் எழுதினார். அதே பள்ளத்தில் இணையத்துக்கு ஒரு ஃபைபர் குழாய். காட்டை இன்னொரு தடவை தோண்ட யாரும் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். தான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். புதிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நீங்க எங்களுக்கெல்லாம் சீனியர். உங்களுக்குத் தெரியாததா? நாப்பத்து மூணு வீட்டுக்காக ஆறு கிலோமீட்டர் கேபிள். ரெண்டு துறை ஒரே பள்ளம். எந்த விதியில இருக்கு?"

குற்றாலிங்கம் விதிகளைச் சொன்னார். எண்களைச் சொன்னார். தேதிகளைச் சொன்னார். கோப்பு நான்கு தடவை திரும்பி வந்தது.

நான்காம் தடவை குற்றாலிங்கம் மலையேறி வந்து குடிசை வாசலில் வரைபடத்தைப் போட்டார்.

"முடிஞ்சுது, அம்மா. நான் சொல்றது அங்க ஒருத்தன் காதுலயும் ஏறல."

"அங்க யார் பேசுனது?"

"நான்தான்."

"அடுத்த தடவை நீங்க பேசாதீங்க."

ஐந்தாம் தடவை மூன்று பேர் போனார்கள். மல்லன் காணி, கஸ்தூரி, குற்றாலிங்கம். குற்றாலிங்கம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வாய் துறுதுறுத்தது. பேசவில்லை.

கஸ்தூரி ஒரு தாளில் எண் எழுதி அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"சார், உங்க போன்ல இந்த நம்பரக் கூப்பிடுங்க."

"யாரோடது?"

"எங்க ஊர் நம்பருதான், சார். ஒரு தடவ கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் சொன்னது. அதையே இங்கிலீஷிலும் சொன்னது.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க, சார்."

மறுபடியும் அதே குரல்.

"எங்க அண்ணி சாகறப்ப அந்தப் பொம்பளக் குரல்தான் சார் எங்கிட்டப் பேசுச்சு. அஞ்சு தடவ."

அதிகாரி கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு கோப்பைக் கேட்டார். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். மல்லன் காணியிடம் தடத்தைப் பற்றிக் கேட்டார். ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டார். மல்லன் காணி எழுந்து நின்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"விதி இல்லைன்னா கேட்டு வாங்குவோம்" என்றார் அதிகாரி. வாங்கவும் செய்தார். ஏழு மாதம் ஆயிற்று.

வனச்சரகர் ஷீலா நேரில் வந்து தடம் முழுவதும் நடந்தார். கறாரான பெண்.

"மரத்துல கத்தி படக் கூடாது. அன்னன்னைக்குத் தோண்டுனதை அன்னைக்கே மூடணும், யானை கால் உள்ள போயிரும். தெருவிளக்கு கூடாது. வெளிச்சம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். மே முப்பத்தொண்ணுக்குள்ள முடியணும். அதுக்கப்பறம் ஒரு கடப்பாரைகூட உள்ள வரக் கூடாது."

எல்லாவற்றுக்கும் மல்லன் காணி தலையாட்டினார்.

மாசியில் வேலை தொடங்கியது. பாதிப் பேர் ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்கள். மீதி ஊர்க்காரர்கள். பாறை வந்தால் சுற்றினார்கள். வேர் வந்தால் கையால் மண்ணைப் பறித்து வேருக்கு அடியில் குழாயைச் செலுத்தினார்கள். சாயங்காலம் பள்ளத்தை மூடி மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் மூடிய மண்மேல் யானைத் தடம் பதிந்திருக்கும். கேபிள் அடியில் பத்திரமாக இருக்கும்.

குற்றாலிங்கம் கறுத்து மெலிந்தார். குரல் கட்டிப்போயிற்று. ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பார்த்தார்.

மே இருபத்தெட்டாம் தேதி ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். பாலத்தையும் ஏற்றத்தையும் சேர்த்து இருநூற்று நாற்பது மீட்டர் பாக்கி. அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கேபிளை இழுக்கும் இயந்திரத்தை ஏற்றி வந்த வண்டி மண்சரிவில் நின்றுவிட்டது. கேபிள் உருளை மட்டும் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றது.

இளநிலைப் பொறியாளர் அந்தோணி தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"மெஷின் வராது, சார். கேபிள் ஒரே துண்டு, வெட்ட முடியாது. ரெண்டு டன்னுக்குக் கிட்ட. அடுத்த வருஷந்தான்."

ஊர் முழுவதும் மழையில் நின்றது. உலகம்மையும் மற்ற சீடர்களும் கஞ்சிப் பானைகளோடு வந்திருந்தார்கள். குற்றாலிங்கம் குருவின் அருகே போனார்.

"அம்மா, இனி என்ன செய்யறது?"

உலகம்மை கஞ்சிப் பானையைக் கீழே வைத்தார். உருளைக்குப் போனார். கேபிளின் முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அது தடியான கறுப்புக் கேபிள். தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"எந்தப் பக்கம் போகணும், அண்ணாச்சி?"

மல்லன் காணி ஓடிப்போய் அவருக்குப் பின்னால் தோள் கொடுத்தார். அவருக்குப் பின்னால் கஸ்தூரி. அந்தோணி சட்டென்று கணக்குப் போட்டார்.

"ரெண்டு மீட்டருக்கு ஒரு ஆள் நின்னா தூக்கிரலாம், சார். நூத்திருபது பேர் வேணும்."

ஊரில் தோள் கொடுக்க முடிந்தவர்கள் தொண்ணூற்றொரு பேர். வேலையாட்கள் பதினான்கு. குடிசைக்காரர்கள் ஐந்து. பத்துப் பேர் குறைந்தார்கள்.

வனச்சரகர் ஷீலா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். தன் காவலர்கள் ஏழு பேரையும் திரும்பிப் பார்த்தார். "வாங்கப்பா" என்றார்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். எல்லோரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

நடுவில் தன் இடத்தில் நின்றபடி குற்றாலிங்கம் குரல் கொடுத்தார். "ஒண்ணு." எல்லோரும் ஒரு அடி வைத்தார்கள். "ரெண்டு." இன்னொரு அடி. உருளை முனகிக்கொண்டு சுற்றியது. பாலத்தில் பதினைந்து பேருக்குமேல் ஏறக் கூடாது என்பதால் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறினார். பாலம் ஆடியது. கீழே செந்தண்ணீர் ஓடியது. யாரோ ஒரு கிழவி தேர் இழுக்கும்போது போடுவது போலக் கூச்சல் போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு எண்ணிக்கை தேவைப்படவில்லை. குற்றாலிங்கமும் சேர்ந்து கத்தினார். கட்டிப்போன தொண்டையால் அவர் அன்று கத்தியதுபோல் வாழ்நாளில் கத்தியதில்லை.

மூன்று மணிக்கு முனை மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பதாம் தேதி மத்தியானம் கடைசிப் பள்ளத்தை மூடினார்கள். ஒரு நாள் மிச்சம்.

ஜூன் ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது. மூடுபனி வீடுகளை மறைத்திருந்தது. அந்தோணி ஸ்விட்சைப் போடச் சொல்லி உலகம்மையைத் தேடினார். அவர் கூட்டத்தில் எங்கோ நின்றுகொண்டார். குற்றாலிங்கத்தைக் கேட்டார். அவர் கஸ்தூரியைக் கைகாட்டினார்.

கஸ்தூரி போட்டாள்.

பனிக்குள் நாற்பத்து மூன்று ஜன்னல்கள் ஒரே நேரத்தில் மஞ்சளாகத் தெரிந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். மல்லன் காணி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குள் போய் அணைத்துவிட்டுப் போட்டார். மறுபடி அணைத்துவிட்டுப் போட்டார்.

"ஃபியூஸ் போயிரும் காணி" என்றார் குற்றாலிங்கம். அவர் கண்கள் நனைந்திருந்தன.

பத்து நாள் கழித்து ஃபைபரும் உயிர் பெற்றது. ஊரில் கஸ்தூரி பார்த்துக்கொள்ளும் சின்னச் சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரில் சிறிய பெட்டி ஒன்று பச்சையாக மின்னியது.

அதற்கு நான்காம் நாள், அடைமழையில், பாலத்தின் பலகைகளுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது மல்லன் காணியின் மருமகள் லதிகாவுக்கு வலி கண்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

சுகாதார நிலையத்துக்குள் லதிகாவைப் படுக்கவைத்து, கஸ்தூரி கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தாள். திரையில் கீழூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். குற்றாலிங்கம் வெளியே பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாம் அந்த விளக்கில் இருந்தன.

மத்தியானம் குழந்தை அழுதது. ஊர் மூச்சு விட்டது. உடனே உள்ளே கஸ்தூரியின் குரல் உயர்ந்தது.

"டாக்டர், ரத்தம் நிக்கல. நிக்கல, டாக்டர்."

"என்னையப் பாரு, கஸ்தூரி. நான் இங்கதான் இருக்கேன். மருந்துப் பெட்டியில மாத்திரை இருக்குல்ல? நான் சொல்றேன், குடு. இப்ப தொப்புளுக்குக் கீழ கையை வச்சு அழுத்தித் தேய். விடாத. குழந்தையை மார்ல போடு. தேய். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் போக மாட்டேன்."

மல்லன் காணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மழை தகரத்தில் அடித்தது. பச்சை விளக்கு அணையவில்லை.

இருபது நிமிஷம் கழித்து உள்ளே டாக்டரம்மா சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

"நின்னுருச்சு. கஸ்தூரி, நின்னுருச்சு பாரு. நீ செஞ்சிட்டே."

திரையில் அந்த அம்மா கைதட்டினார். வாசலில் நின்றவர்களும் கைதட்டினார்கள். கஸ்தூரி வெளியே வந்து மழையில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். குற்றாலிங்கம் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் காலையில் குடிசையில் குருவும் சீடரும் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"வந்து மூணு வருஷமாச்சு. முதல் வருஷம் உக்காந்தேன். அதுக்கப்பறம் பூரா பள்ளமும் கேபிளுந்தான். மத்தவங்க எல்லாம் தியானத்துல எங்கயோ போயிட்டாங்க. என்னோடது எப்பத் தொடங்கும்?"

உலகம்மை ஒரு கிழங்கை உரித்து முடித்தார்.

"மேல ஊத்துமுடின்னு ஒரு ஊர் இருக்காம்லா?"

"ஆமா. பதினோரு வீடு."

"மஞ்சாடிக்குழியில இருந்து ரொம்பத் தூரமோ?"

"நாலே கால் கிலோமீட்டர், அம்மா. ஓடைக்கு வலப்பக்கமாப் போனா ஒரு மரத்தையும் தொட வேண்டாம். ஒரு எடத்துல மட்டும் பாறை. அதையும் சுத்திரலாம். போன வாரம் டேப் புடிச்சுப் பாத்துட்டேன்."

உலகம்மை கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"யார் அண்ணாச்சி உங்கள அளக்கச் சொன்னது?"

குற்றாலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். யாரும் சொல்லியிருக்கவில்லை.